சோப்புத் தண்ணீர்

தூத்துக்குடியில் நாலு வருஷம்.
கைக்குட்டையில் மூக்கைச் சிந்திப் பார்த்தே
அன்றைக்கு எத்தனை மெகாவாட் என்று சொல்லிவிடுவேன்.
நிலக்கரிக்கு ஒளிவுமறைவு கிடையாது.
கொடியில் காயும் சட்டைக்கு வரும்,
தயிர்ச் சோற்றைத் திறந்தால்
நமக்கு முன்னால் ருசி பார்த்திருக்கும்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே
இந்த எரிவாயு நிலையத்துக்கு மாற்றல் வந்தபோது
ஜெபமணி சொன்னாள்:
"உனக்கென்னடி, இனிமே பூக்கட்டுற வேலை."

பொய்யில்லை.
சாம்பல் குளம் இல்லை. லாரி இல்லை.
புகைபோக்கிக்கு மேலே வானம்
கொஞ்சம் நெளிகிறது, அவ்வளவுதான்.
பத்தடி தோண்டினால் உப்புத்தண்ணீர் வரும் சீமையில்
ஆயிரக்கணக்கான அடி போனால் வாயு.
அதற்கும் கிணறு என்றே பெயர்.
குடம் கொண்டுபோக முடியாத கிணறு.

நுழைவாயில் அட்டையில் கணக்கு எழுதியிருக்கிறது:
ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி விடும் கரிமூச்சு
ஏறக்குறைய ஒரு கிலோ.
எரிவாயு அதில் பாதி.
யாராவது பார்க்க வந்தால் அட்டையைத் துடைப்போம்.

அட்டையில் இல்லாத வரி எனக்குத் தெரியும்.
எரிந்தால் பாதி.
எரியாமல் தப்பினால்
இருபது வருஷத்துக்கு எண்பது மடங்கு.

அதனால்தான் வியாழன்தோறும்
ஒரு வாளி, ஒரு பெயிண்ட் பிரஷ்.
குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசிவிட்டு
பால் பொங்குமா என்று நிற்பதுபோல நிற்பேன்.
வீட்டு சிலிண்டரில் நாறுவது கலந்துவிட்ட மருந்து.
கிணற்று வாயுவுக்கு வாசமே இல்லை.
நாயும் மோப்பம் பிடிக்காது.

போன வாரம்
பதினாலாம் வால்வில், நாலாவது போல்ட்டுக்கு அடியில்
ஒரு குமிழி.
மிளகளவு.
பிறகு சுண்டைக்காய்.
அதற்குள் என் ஹெல்மெட்டும் ஒரு துண்டு வெயிலும்
வளைந்து உட்கார்ந்திருந்தன.
உடைந்தது.
அடுத்தது புறப்பட்டது.

முடுக்கினோம். நிற்கவில்லை.
உள்ளே கேஸ்கெட் போய்விட்டது.
மாற்ற டர்பைனை நிறுத்த வேண்டும், ஆறு மணி நேரம்.
அந்த ஆறு மணி நேர மின்சாரம்
எங்கிருந்து வரும் என்று
இருளாண்டி சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இருவரும் தெற்கே பார்க்கவில்லை.

"ஒரு குமிழிக்காக அங்கே
கரியை அள்ளிப்போடச் சொல்றியாம்மா?"

நியாயமான கேள்வி.
டீக்கடை ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
நிமிஷத்துக்குப் பதினோரு குமிழி, முப்பது நாள், எண்பது மடங்கு
ஒரு பக்கம்.
ஆறு மணி நேரத்து நிலக்கரி
மறுபக்கம்.
சார் ஜெயித்துவிட்டார், கொஞ்சநஞ்சமாக அல்ல.
வால்வின் மேல் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டேன்.
தினமும் போய்
அது வளர்கிறதா என்று பார்த்தேன்.

நாலாம் நாள் கச்சான் எழுந்தது.
கச்சான் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல்
குளம் மாதிரி கிடக்கும்.
கரையில்தான் ஆட்டம்:
கருவேல மரங்கள் தலைவிரித்து,
இறால் பண்ணைத் தார்ப்பாய் கிழிந்து.
ராத்திரி ஒன்று நாற்பதுக்குச் சென்னையிலிருந்து போன்.
காற்றாலைகள் எல்லாம் முழு வேகம்,
வாங்க ஆளில்லை,
நீங்கள் பாதியாகக் குறையுங்கள்.

"பாதி வேண்டாம் சார்,
முழுசா நிறுத்திக்கிறோம்.
ஆறு மணி நேரம் குடுங்க."

டர்பைன் ஓய்ந்தபோதுதான்
இவ்வளவு தவளைகள் பக்கத்தில் இருப்பது தெரிந்தது.
சகுபர் அலி போல்ட்டுகளைக் கழற்றி
டிபன் பாக்ஸ் மூடியில் அடுக்கினான்.
பழைய கேஸ்கெட்
கடித்துப் போட்ட அப்பளம் மாதிரி இருந்தது.
மூன்றரைக்கு ஜெபமணியின் செய்தி:
"இங்கயும் ஒரு மில்லை நிறுத்திட்டாங்கடி.
காது என்னமோ மாதிரி இருக்கு."

விடிந்ததும் அழுத்தம் ஏற்றி
சோப்புத் தண்ணீர் பூசினேன்.
குமிழி இல்லை.
குமிழி இல்லையா,
வரும்போதே காற்று உடைக்கிறதா,
தெரியவில்லை.
மேற்குப் பக்கம் போய்
காற்றுக்கு முதுகைக் கொடுத்து
வால்வைச் சுற்றிக் கைகளைக் குவித்துக்கொண்டு
பார்த்தபடி நின்றேன்.